புரொப்பல்லர் வாங்கும் முன்: ஆர்.பி.எம். பார்ப்பதும் உதறலைத் தேடுவதும்

புதிதாகப் படகு வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, இந்த இன்ஜினுக்கு எந்த புரொப்பல்லர் போடலாம்?" பக்கத்துப் படகில் இன்ன அளவு போட்டிருக்கிறார்கள், நன்றாக ஓடுகிறது, அதையே நாமும் போட்டுவிடலாமா என்று அடுத்து கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "முழுசா முறுக்கினா இப்ப எத்தனை ஆர்.பி.எம். வருது தம்பி?" ஆர்.பி.எம். என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. அந்த ஒரு எண் தெரியாமல் வாங்கும் புரொப்பல்லர், அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி. பொருந்தினால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஒரே இன்ஜினை இரண்டு படகில் மாட்டினால் இரண்டுக்கும் ஒரே புரொப்பல்லர் சரிவரும் என்று சொல்ல முடியாது. ஒன்று பாரமில்லாமல் லேசாக ஓடும். இன்னொன்று வலை, ஐஸ், நாலு ஆள் என்று பாரத்தோடு போகும். ஒன்றின் அடிப்பகுதி சுத்தமாக இருக்கும். இன்னொன்றில் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் சிப்பி மாதிரியான உயிரி) பிடித்திருக்கும். இன்ஜினின் கண்ணுக்கு இவை இரண்டும் வேறு வேறு வேலை.

முதலில் எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

புரொப்பல்லரின் நடுக்குடத்தில் இரண்டு எண் வெட்டியிருப்பார்கள். 9¼ × 9 என்றால் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டுமே அங்குலத்தில். விட்டம் எல்லோருக்கும் புரியும்: பிளேடு நுனி சுற்றும் வட்டத்தின் அகலம். பிட்ச் புரிய, மரத்தில் முறுக்கும் திருகாணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முறுக்கினால் திருகாணி எவ்வளவு உள்ளே போகுமோ, அதுதான் அதன் பிட்ச். 9 பிட்ச் புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம் முன்னேற வேண்டும். தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். அதனால் அவ்வளவு போகாது. அந்தக் குறைவுக்கு 'ஸ்லிப்' என்று பெயர். ஸ்லிப் ஒரு கோளாறு இல்லை. அது இல்லாமல் உந்துவிசையே இல்லை.

அமரத்துக்கு (படகின் பின்முனை) பின்னால் நின்று அணியத்தை (முன்முனை) பார்க்கும்போது, படகு முன்னோக்கிப் போகையில் வலமாகச் சுற்றினால் அது வலக்கை புரொப்பல்லர். சில இன்ஜினில் இடக்கை வரும். பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் இந்தத் தப்பு நடக்காது.

படி ஒன்று: இன்ஜின் என்ன கேட்கிறது

அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) என்றால் அதன் கையேட்டில் 'முழு த்ராட்டிலில் இத்தனை முதல் இத்தனை வரை' என்று ஒரு வரம்பு இருக்கும். 9.9 எச்.பி. அவுட்போர்டு பலவற்றுக்கும் அது 5000-6000 ஆர்.பி.எம். பக்கத்தில் இருக்கும், உங்கள் மாடலுக்கு உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விசைப்படகின் டீசல் இன்ஜினில் 'ரேட்டட் ஆர்.பி.எம்.' தகட்டிலேயே இருக்கும்.

அடுத்தது கியர் விகிதம். இது கியர் பாக்ஸ் தகட்டில் இருக்கும். பழைய படகில் தகடு துருவேறிப் போயிருக்கலாம். அப்படியானால் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரம்) ஒரு சுண்ணக்கட்டிக் கோடும் ஷாஃப்டில் (புரொப்பல்லரைச் சுற்றும் தண்டு) ஒரு கோடும் போடுங்கள். கியர் பாக்ஸ் இயந்திர வகை என்றால் முன்கியரில் போட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, ஷாஃப்ட் ஒரு சுற்று முடிக்க ஃப்ளைவீல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் கியர் பாக்ஸில் இந்த வழி வேலை செய்யாது. அதற்கு இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு இரண்டு பக்கமும் சுற்றை எண்ணும் டேக்கோமீட்டரில்தான் அளக்க வேண்டும்.

படி இரண்டு: பாரத்தோடு கடலில் ஓட்டிப் பார்ப்பது

கரையோரம் காலியாக ஓட்டிப் பார்த்துவிட்டு "6000 வருது, சூப்பர்" என்று சொல்வது பயனற்ற சோதனை. நீங்கள் தொழிலுக்குப் போகும் அதே பாரம் ஏற்றுங்கள்: அதே வலை, அதே ஐஸ், அதே டீசல், அதே ஆட்கள். அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு இறங்குங்கள். பாசியும் கொட்டலசும் பிடித்த படகில் எடுக்கும் எண் உங்களை ஏமாற்றும்.

டேக்கோமீட்டர் இல்லாத அவுட்போர்டுக்கு, ஸ்பார்க் பிளக் வயரில் கம்பியைச் சுற்றிப் படிக்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. டீசலுக்கு, கிராங்க் புல்லியில் பளபளக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒளி பாய்ச்சிப் படிக்கும் மீட்டர் போதும். இன்ஜின் அறைக்குள் இறங்கும்போது துண்டைக் கழற்றி மேலே வையுங்கள், லுங்கியோடு இறங்க வேண்டாம். பெல்ட் ஒரு நொடி நேரம்கூடத் தராது.

முழு த்ராட்டிலில் இரண்டு நிமிடம் ஓடி, ஆர்.பி.எம்.மையும் ஜி.பி.எஸ். வேகத்தையும் எழுதுங்கள். அதே பாதையில் திரும்பி வந்து இன்னொரு முறை எழுதி, வேகத்துக்குச் சராசரி எடுங்கள். நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும். ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது.

படி மூன்று: வந்த எண்ணைப் படிப்பது

வரம்புக்குள் வந்தால், அதுவும் மேல் பாதியில் வந்தால், புரொப்பல்லரை விட்டுவிடுங்கள். வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

வரம்புக்குக் கீழே நின்றால் புரொப்பல்லர் இன்ஜினுக்குக் கனம். மலையேற்றத்தில் பஸ்ஸை நாலாவது கியரிலேயே ஏற்றுவது போல இன்ஜின் முக்குகிறது என்று அர்த்தம். டீசலில் கரும்புகை வரும், சைலன்சர் சூடு கூடும், எண்ணெய் அதிகம் குடிக்கும், நாளடைவில் வால்வும் பிஸ்டனும் அடி வாங்கும். அவுட்போர்டில் இழுவை தொய்வாக இருக்கும், பிளக் கறுக்கும். பிட்ச்சைக் குறைக்க வேண்டும்.

வரம்புக்கு மேலே போனால் புரொப்பல்லர் லேசு. இன்ஜின் கத்துகிறது, படகு போகவில்லை. பிட்ச்சைக் கூட்ட வேண்டும்.

எவ்வளவு என்று கேட்டால், வேகமாக ஓடும் அவுட்போர்டு படகில் பிட்ச் 1 அங்குலம் மாறினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும் என்பது நடைமுறைக் கணக்கு. 4700 வருகிறது, 5300 வேண்டும் என்றால் 3 அங்குலம் குறைக்கலாம். விட்டத்தைத் தொடுவதானால் கவனம் தேவை: விட்டத்தில் 1 அங்குலம் கூட்டுவது, பிட்ச்சில் 2 முதல் 3 அங்குலம் கூட்டுவதற்கு நிகரான சுமையை இன்ஜின் மேல் ஏற்றும். பிளேடு நுனியை வெட்டி விட்டம் குறைப்பது கரையில் வழக்கம்தான். ஆனால் எல்லா பிளேடையும் ஒரே அளவு வெட்டாமல், சமநிலை பார்க்காமல் அதைச் செய்தால் ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றை வாங்கியதாகிவிடும்.

புரொப்பல்லரை மாற்றும் முன் இன்ஜின் நலமா என்று பார்த்துவிடுங்கள். அடைத்த டீசல் ஃபில்டர், தேய்ந்த இஞ்ஜெக்டர், முழுசாக இழுபடாத த்ராட்டில் கேபிள் இவையும் ஆர்.பி.எம்.மைக் குறைக்கும். கேபிளை மட்டும் சரிசெய்து அனுப்பிய படகுகள் உண்டு. அவர்கள் புது புரொப்பல்லர் விலையை மிச்சம் பிடித்தார்கள்.

ஸ்லிப் கணக்கு ஒரே வரிதான். இன்ஜின் ஆர்.பி.எம்.மைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215-ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாத வேகம் 'நாட்' கணக்கில் (மணிக்கு எத்தனை கடல் மைல் என்று) வரும். 1215 எங்கிருந்து வந்தது? ஒரு கடல் மைலில் ஏறக்குறைய 72,913 அங்குலம். அதை 60 நிமிடத்தால் வகுத்தது. விசைப்படகு ஒன்று 1800 ஆர்.பி.எம்., கியர் 3:1, பிட்ச் 22 என்று வைப்போம். ஷாஃப்ட் 600 சுற்று; 600 × 22 ÷ 1215 = 10.9 நாட். ஜி.பி.எஸ். 7.5 காட்டினால் ஸ்லிப் 31 சதவீதம். பாரப் படகுக்கு இது இயல்புதான். இப்போது அவுட்போர்டைப் பாருங்கள்: 5500 ஆர்.பி.எம்., கியர் 2.08:1, பிட்ச் 9. கணக்கில் 19.6 நாட் வருகிறது. வலை ஏற்றிய ஃபைபர் படகு 10 நாட்தான் போகிறது என்றால் பாதி வழுக்கலில் போகிறது. இந்தப் படகுக்கு வேண்டியது கூடின பிட்ச் இல்லை. குறைந்த பிட்ச்சும், இடம் கொடுத்தால் அகலமான பிளேடும்தான். பாரம் இழுப்பதற்கென்றே சில கம்பெனிகள் 'ஹை திரஸ்ட்' என்று கியர் விகிதத்தைக் கூட்டிப் பெரிய விட்டம் சுற்றும் மாடல்களை விற்பதும் இதற்காகத்தான்.

இழுவலை போடும் படகுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வலை இழுக்கும்போது வேகம் 3 நாட் பக்கம்தான். அப்போது புரொப்பல்லர் மேல் விழும் சுமை காலியாக ஓடும்போது இருப்பதைவிட அதிகம். துறைமுகத்திலிருந்து முந்திப் போக வேண்டும் என்று பிட்ச் கூட்டினவர்கள், வலை இறக்கியதும் கரும்புகையில் தத்தளிப்பார்கள். நாள் முழுதும் இழுப்பது எதுவோ அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்வதற்காக வேண்டாம்.

உதறல் வந்தால்

புரொப்பல்லர் அளவு சரி, ஆனால் படகு உதறுகிறது. இங்கேதான் பணம் வீணாகிறது. ஒருவர் இன்ஜின் ரப்பரை மாற்றச் சொல்வார், ஒருவர் ஷாஃப்டை மாற்றச் சொல்வார். எதையும் கழற்றும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது, நியூட்ரலிலும் வருகிறதா?

நியூட்ரல் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. படகை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றுங்கள். உதறினால் கோளாறு இன்ஜினிலோ அது உட்கார்ந்திருக்கும் இடத்திலோ: ஒரு சிலிண்டர் அடிக்காமல் இருக்கலாம், மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கலாம், ரப்பர் கிழிந்திருக்கலாம். அமைதியாக இருந்தால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் தேடுங்கள்.

கைபேசியில் அதிர்வு அளக்கும் ஆப் இருந்தால் இன்னும் ஒரு துப்பு கிடைக்கும். அது நொடிக்கு எத்தனை அதிர்வு என்று காட்டும். மேலே சொன்ன படகில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 600, அதாவது நொடிக்கு 10. அதிர்வு 10 என்று காட்டினால் ஷாஃப்ட் வளைவு, சமநிலை குலைந்த புரொப்பல்லர், கோணலாக உட்கார்ந்த புரொப்பல்லர் இவற்றில் ஒன்று. நாலு பிளேடு புரொப்பல்லரில் 40 என்று காட்டினால், பிளேடு ஒவ்வொன்றும் அடிப்பகுதியைக் கடக்கும்போது தண்ணீரை அதன்மேல் அறைகிறது. இன்ஜினின் சொந்தச் சுற்று 30. ஆனால் 3:1 கியரில் மூன்று பிளேடு போட்டிருந்தால், பிளேடு அடியும் இன்ஜின் சுற்றும் இரண்டுமே 30-இல் விழும். அப்போது ஆப் எதையும் பிரித்துச் சொல்லாது. நியூட்ரல் சோதனைதான் சொல்லும்.

பிளேடு அடி என்றால் இடைவெளியை அளங்கள். பிளேடு நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே விட்டத்தில் 10 சதவீதமாவது இருக்க வேண்டும், 15 இருந்தால் நல்லது. 22 அங்குல விட்டத்துக்கு 2.2 அங்குலம் குறைந்தபட்சம். பழைய 20-ஐ எடுத்துவிட்டு 22 போட்டவர்களுக்கு அமரத்தில் மேளம் கொட்டுவது இதனால்தான்.

விசைப்படகு என்றால் மீதிச் சோதனைக்குக் கரையேற்ற வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் அதற்கு நல்ல சமயம். ஆனால் கடைசி வாரத்தில் எல்லாப் பட்டறையும் நிரம்பி வழியும். முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.

கரையில் முதலில் கண்ணால் பாருங்கள். நைலான் நரம்பு, அறுந்த வலை, கயிறு ஷாஃப்டில் சுற்றியிருக்கிறதா? அவுட்போர்டில் புரொப்பல்லரைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். நரம்பு மெல்ல மெல்ல ஆயில் சீலை அறுத்து, கியர் ஆயிலில் தண்ணீரை விடும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி வந்தால் சீல் போய்விட்டது.

அடுத்து பிளேடு. ஒரு குச்சியைப் பலகையில் ஊன்றி நுனி ஒரு பிளேடைத் தொடும்படி வைத்து, மெதுவாகச் சுற்றுங்கள். மற்ற பிளேடுகளும் அதே இடத்தில் தொட வேண்டும். இங்கே ஒன்று விலகினால் அது வளைந்திருக்கிறது. பிட்ச் சமமா என்று பார்க்க, புரொப்பல்லரைக் கழற்றிச் சமதளப் பலகையில் முன்முகம் கீழாக வையுங்கள். நடுவிலிருந்து ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு தூரத்தில், 30 பாகை இடைவெளியில் இரண்டு புள்ளி குறித்து, மேலே மட்டமாக ஒரு சட்டம் வைத்து, இரண்டு புள்ளிக்கும் சட்டத்திலிருந்து ஆழத்தை அளங்கள். வித்தியாசத்தை 12-ஆல் பெருக்கினால் பிட்ச். 22 அங்குலப் பிட்ச்சுக்கு வித்தியாசம் 46 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். ஒரு பிளேடில் 2 மி.மீ. மாறினாலும் அந்த பிளேடு ஏறக்குறைய 1 அங்குலப் பிட்ச் வேறாக உழைக்கிறது. வார்ப்புப் பட்டறையில் அச்சு தேய்ந்த வார்ப்பில் இந்த மாதிரி வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன். புதுசு என்பதால் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

இனி, ஒரு தடைக்காலத்தில் என்னை மூன்று நாள் அலைக்கழித்த ஒரு படகைச் சொல்கிறேன். புது புரொப்பல்லர் போட்டதிலிருந்து 1400-க்கு மேல் உதறல். கியர் பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கை இரண்டு முறை சரிபார்த்தாகிவிட்டது. கடைசியில் புரொப்பல்லரை இழுத்தோம். ஷாஃப்டின் கூம்பு முனையில் சாவிக்கட்டையை (புரொப்பல்லர் ஷாஃப்டில் வழுக்காமல் பூட்டும் உலோகத் துண்டு) எடுத்துவிட்டு, புரொப்பல்லரை மட்டும் ஏற்றி, குடம் வந்து நின்ற இடத்தில் ஷாஃப்டில் ஒரு கோடு போட்டேன். கழற்றி, சாவியை வைத்து மறுபடி ஏற்றினேன். கோட்டுக்கு 6 மி.மீ. முன்னாலேயே நின்றுவிட்டது. சாவியின் மேல்முகத்தைப் பார்த்தால் ஒரு பளபளப்பான தடம். சாவி உயரம் கூடியிருந்ததால் குடம் கூம்பில் உட்காமல் சாவியின் மேல் ஒரு பக்கமாகத் தொங்கியிருக்கிறது. நட்டை எவ்வளவு இறுக்கியும் பலனில்லை. சாவியின் தலையை அரம் போட்டுக் குறைத்து, கூம்பில் நீலம் பூசித் தொடும் இடத்தைப் பார்த்தோம். முக்கால்வாசிக்கு மேல் தொட்டதும், கோடு வரை வந்து உட்கார்ந்தது. அன்று மாலை 1800 வரை தண்ணீர் டம்ளர் அசையாமல் ஓடியது. அதிலிருந்து எந்த புரொப்பல்லரையும் இந்தக் கோட்டுச் சோதனை இல்லாமல் நான் இறுக்குவதில்லை.

கப்ளிங் சரிபார்ப்பது தண்ணீரில்தான், அதுவும் படகு இறங்கி ஒன்றிரண்டு நாள் கழித்து. கரையில் கட்டை மேல் நிற்கும் உடல் தண்ணீரில் வேறு வடிவம் எடுக்கும், மரப்படகு குறிப்பாக. போல்ட்டுகளை எடுத்து, தொங்கும் ஷாஃப்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, இரு முகத்துக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் என நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். கப்ளிங் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.001 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. 6 அங்குலக் கப்ளிங்குக்கு 0.006, அதாவது 0.15 மி.மீ. பிறகு கியர் பாக்ஸ் பக்கத்தை அசைக்காமல் ஷாஃப்ட் பக்கத்தை மட்டும் கால் சுற்று சுற்றி மறுபடி அளங்கள். பெரிய இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் கோணல். அதே இடத்தில் நின்றால் இன்ஜின்தான் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கால் சுற்றைச் செய்யாமல் இன்ஜினைத் தூக்கி இறக்குவதில்தான் பல நாள் போய்விடுகிறது.

ஷாஃப்டைப் பின்னால் தாங்கும் புஷ்ஷைச் சோதிக்க, ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் கேட்டால் மாற்ற வேண்டும். புஷ் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் அதை மாற்றுவது மட்டும் போதாது. அலைன்மென்ட் கோணலால்தான் அப்படித் தேய்ந்திருக்கும்.

அவுட்போர்டுக்காரர்கள் கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, திடீரென்று இன்ஜின் கத்தி, படகு போகாமல் நின்றால், குடத்துக்குள் இருக்கும் ரப்பர் வழுக்குகிறதா என்று பாருங்கள். உள் குழாய்க்கும் வெளிக்குடத்துக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்தால் தெரியும். கோடு உடைந்திருந்தால் ரப்பர் போய்விட்டது. இரண்டு, திரும்பும்போதோ அலையிலோ மட்டும் கத்தினால் காற்றை உறிஞ்சுகிறது. புரொப்பல்லருக்கு மேலே உள்ள இன்ஜினின் தட்டையான இறக்கை படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். 15 அங்குலக் குட்டை ஷாஃப்ட் மாடலை 20 அங்குல டிரான்சமில் (இன்ஜின் மாட்டும் பின்பலகை) மாட்டியவர்களுக்கு எந்த புரொப்பல்லரும் உதவாது.

சரிசெய்தபின் முதல் பத்து மணி நேர ஓட்டம் முடிந்ததும் நட்டையும் கப்ளிங் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிறகு இன்ஜின் பெட்டி மூடியின் உட்புறம், அழியாத மையில் எழுதி வையுங்கள்: தேதி, புரொப்பல்லர் அளவு, ஏற்றிய பாரம், முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம்., நாட். ஆறு மாதம் கழித்து அதே பாரத்தில் 200 ஆர்.பி.எம். குறைந்திருந்தால், முதலில் அடியைச் சுரண்டுங்கள், பிறகு ஃபில்டர், அதற்குப் பிறகுதான் புரொப்பல்லர். பழைய புரொப்பல்லரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், ஒரு நட், ஒரு சாவிக்கட்டை, இரண்டு காட்டர் பின்னோடு சாக்கில் கட்டிப் படகிலேயே வையுங்கள். நடுக்கடலில் பிளேடு உடைந்தால் உங்களைக் கரைசேர்ப்பது அதுதான்.